மேட் விரித்தால் மண் கெட்டியாகிவிடாது

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் காற்றாலை வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். காற்று நொடிக்கு 10 மீட்டரைத் தொட்டாலே பெரிய கிரேனை நிறுத்தவேண்டி வரும். பிளேடு தூக்குவது இன்னும் கறாரான வேலை. அதனால் கனமான தூக்கு வேலைகள் காற்று ஓய்ந்த பிறகு, ஐப்பசி கார்த்திகைக்குத் தள்ளிப்போகின்றன. கரிசல் காட்டில் மழை இறங்குவதும் அப்போதுதான். காய்ந்தால் கடப்பாரைக்கும் மசியாத மண், நனைந்தால் காலில் கிடக்கிற செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மண்ணின் மேல் விரிக்கிற பிளாஸ்டிக் தரைப்பலகையை, சைட் பாஷையில் மேட், பற்றித்தான் இந்தப் பேச்சு.

தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ல் காற்றாலைகள் வந்தபோது எல்லாமே சின்ன இயந்திரங்கள், சின்ன கிரேன்கள். இன்று அந்தக் காலத்து ஆலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தும் வேலை நடக்கிறது. அதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆலை பெரிதானால் கிரேனும் பெரிதாகும். கீழே இருக்கும் மண் மட்டும் அதே கரிசல்தான்.

இந்த இடத்தில்தான் ஒன்றோடொன்று மாட்டிப் பூட்டும் பிளாஸ்டிக் மேட்டுகள் சைட்டுக்குள் வருகின்றன. லாரியில் அடுக்காக வரும். ஓரத்தில் நாக்கும் பள்ளமுமாக இருக்கும். பக்கத்துப் பலகையின் மேல் படியவைத்து பின்னைச் செருகி அரைச் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். எட்டுக்கு நாலு அடி, அரை அங்குல கனத்தில் எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பலகை 35 கிலோ சுமாருக்கு வரும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டப் பாதையே இல்லாத இடத்தில் ஒரு பொழுதுக்குள் நடக்கத் தளம் தயார். ஆளுக்கு ஆள் விரும்புவதில் ஆச்சரியம் இல்லை.

இந்த யோசனையும் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்க ராணுவம் ஓட்டை போட்ட இரும்புப் பலகைகளைக் கொக்கியால் மாட்டி விமான ஓடுதளமே விரித்தது. வட கரோலினாவில் மார்ஸ்டன் என்ற ஊரருகே சோதித்ததால் மார்ஸ்டன் மேட் என்று பெயர். 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 30 கிலோ எடை. அவர்களும் தரையைச் சமன் செய்யாமல் விரிக்கவில்லை. நம் சைட்டுகளில் விட்டுப்போவது அந்த முதல் வேலைதான்.

வியாபாரி கொடுக்கும் தாளில் “ஒரு சதுர மீட்டருக்கு 150 டன் தாங்கும்” என்பதுபோல் ஓர் எண் இருக்கும். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பலகை நசுங்காமல் தாங்கும் அளவு. பெரும்பாலும் கீழே கெட்டியான தளத்தை வைத்து அழுத்திப் பார்த்தது. உங்கள் மண் எவ்வளவு தாங்கும் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரேன் சாயாமல் நிற்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் ஓர் அவுட்ரிகர் கால் வழியாக 40 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலடித் தட்டு 60-க்கு 60 சென்டிமீட்டர், அதாவது 0.36 சதுர மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 111 டன். தாளில் 150 இருக்கிறது, ஆகவே மேட் பாஸ். இப்போது மண்ணைக் கேளுங்கள். அது பாதுகாப்பாகத் தாங்குவது சதுர மீட்டருக்கு 10 டன் என்றால், அந்த 40 டன்னைப் பரப்ப 4 சதுர மீட்டர் வேண்டும். மழைக்குப் பிறகு அதே மண் 5 டன்னுக்கு இறங்கிவிட்டால் 8 சதுர மீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் வளையாமல் சேர்ந்து இறங்கினால்தான் இந்தக் கணக்குச் செல்லும். மெல்லிய பிளாஸ்டிக் பலகை பாரம் விழுந்த இடத்தில் குழிந்துகொடுக்கும். பாரத்தைப் பக்கத்துப் பலகைக்குக் கடத்தாது. பூட்டு அவற்றை நகராமல் பிடிக்கிறதே தவிர உத்தரமாக மாற்றுவதில்லை. கிரேன் காலுக்குக் கீழே கனமான மரக்கட்டை மேட்டோ, வளையாதிருக்க ரிப் (குறுக்குப் பட்டை) வைத்து வெல்டிங் செய்த இரும்புத் தட்டோ தனியாக வேண்டும். அதன் அளவை மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து டிசைன் செய்பவர்தான் சொல்லவேண்டும், ஸ்டோர்காரர் அல்ல.

கிரேன் கவிழ்வதற்கு மண் அப்படியே உள்வாங்க வேண்டும் என்றும் இல்லை. எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட், பெரும்பாலான கிரேன்களில், தளச் சாய்வு 1 சதவீதத்துக்குள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. இரண்டு கால்களுக்கு நடுவே 5 மீட்டர் என்றால், ஒரு பக்கம் 5 சென்டிமீட்டர் இறங்கியதுமே அந்த எல்லை தீர்ந்தது. மேட் மூடியிருந்தால் அந்த 5 சென்டிமீட்டர் கண்ணுக்கும் தெரியாது. வெறும் மண்ணில் விரிசல் காட்டும், ஓரத்தில் பிதுங்கும். மேட் எல்லாவற்றையும் அழகாக மறைத்துவிடும். எனக்கு இதில் பெரிய பயமே இதுதான்.

“நேத்து இதே இடத்துலதான சார் நின்னுச்சு” என்று ஆபரேட்டர் சொல்வார். நேற்று நின்றது உண்மைதான். ராத்திரி பெய்தது அரை மணி நேர மழைதானே என்று கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரும் சேர்ந்துகொள்வார். வாதாடிப் பயனில்லை. கால் வரும் இடத்தில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி, மண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டுவேன். லேசாக அழுத்தும்போதே விரல் முழுக்க உள்ளே போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இது ஆய்வகச் சோதனைக்கு மாற்று இல்லை; வேலையை நிறுத்துவதற்குப் போதுமான ஆதாரம், அவ்வளவே. “தாங்கும்” என்று சொல்வதற்கு விரலை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

பிறகு இந்த மேட் எதற்குத்தான்? ஆள் நடக்க, சாமான் அடுக்க, கன்டெய்னர் ஆபீஸ் முன்னால், போல்ட் இறுக்கும் ஆட்கள் நிற்க, அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவர. இவற்றுக்கு நன்றாகவே உழைக்கும். சாரம் கட்டுவதாக இருந்தால் உள்ளே கூடாக இருக்கும் பலகை மேல் குழாயை நேரே ஊன்றாமல், பேஸ் பிளேட்டும் அடிப்பலகையும் கொடுத்து ஊன்றுங்கள்.

விரிக்குமுன் புல்லையும் மேல்மண்ணையும் வழித்து, தண்ணீர் ஓட ஒரு பக்கம் சாய்வு கொடுக்கவேண்டும். கரிசலில் குழிபோல் வெட்டிச் சமன் செய்தால் நீங்களே ஊருணி தோண்டினதாக ஆகும். மண்ணும் கிராவலும் கலக்காமல் பிரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் கிராவல், அதற்கு மேல்தான் மேட். துணி இல்லையென்றால் கிராவல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றுக்குள் போய்விடும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். எச்டிபிஇ ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.15 மில்லிமீட்டர் அளவில் நீளும். காலை 25 டிகிரியில் விரித்த கறுப்புப் பலகை மதியம் 60 டிகிரிக்குச் சூடேறினால், 2.4 மீட்டர்ப் பலகை 12.6 மில்லிமீட்டர் நீளும். பத்துப் பலகை வரிசையில் 12.6 சென்டிமீட்டர். இடைவெளி விடாமல் சுவரோடு சுவராக நெருக்கி விரித்திருந்தால் அவ்வளவும் நடுவில் மேடாக எழும்பும், தலைச்சுமையோடு வருபவர் கால் அதில்தான் தட்டும். பூட்டிலேயே விரிவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். எச்டிபிஇ தண்ணீரைவிட லேசு என்பதும் ஞாபகம் இருக்கட்டும்: ஓடைக்கரையில் விரித்தால் ஓரங்களை முளையடித்துப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வெள்ளத்தில் மிதந்து கிளம்பிவிடும்.

வெல்டிங், கேஸ் கட்டிங் இதன் மேல் கூடவே கூடாது. 130 டிகிரி வாக்கில் உருகுகிற பொருள் இது. கட்டிங் பொறி விழுந்தால் உருகிக் கொழுந்துவிட்டு எரியலாம், கூடாக இருக்கும் பலகைக்குள் கனிந்துகொண்டே இருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. நெருப்பு வேலைக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். டீசல் சிந்தினால் உடனே மணல் போட்டுத் துடையுங்கள். வழுக்காமலிருக்க மேலே வைத்திருக்கும் குமிழ்களின் இடுக்கில் கரிசல் அடைத்துக்கொண்டாலும் வழுக்கும். தினமும் ஒருமுறை சுரண்டிக் கழுவ ஆள் போடாத சைட்டில் அந்தக் குமிழ் இருந்தும் ஒன்றுதான்.

கழற்றும் நாளில் விரலை விட்டுத் தூக்காதீர்கள். நிழலும் ஈரமுமாகக் கிடந்த பலகைக்கு அடியில் தேளும் கட்டுவிரியனும் குடியேறியிருக்கும். கொக்கிக் கம்பியால் எதிர்ப்பக்க ஓரத்தை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். உள்ளே இருப்பது அந்தப் பக்கமாக ஓடும். கழற்றிய பலகைகளில் நாக்கு உடைந்ததையும் வெயிலில் வெளிறி வெடித்ததையும் பிரித்து, சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்குங்கள். குவியலோடு சேர்த்து ஏற்றிவிட்டால் அடுத்த சைட்டில் அவைதான் முதலில் கைக்கு வரும். நிலம் விவசாயியுடையது என்றால், இறுகிப்போன இடத்தை ஆழ உழுது கொடுக்கும் செலவையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.