கோடு அச்சைத் தொடும் இடம்

குழாய் ஒன்றில் கொஞ்சம் காற்றை அடைத்து, அழுத்தம் மாறாமல் பார்த்துக்கொண்டு மெல்லச் சூடேற்றினால், அது ஒரே சீராக விரியும். 0 டிகிரி செல்சியஸில் 100 மில்லிலிட்டர் இருந்த காற்று, 50 டிகிரியில் 118.3, 100 டிகிரியில் 136.6 மில்லிலிட்டராகிவிடும். வெப்பநிலையைக் கிடை அச்சிலும் பருமனைக் குத்து அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்.

பருமன் = 100 + 0.366 × வெப்பநிலை

இதில் 0.366 என்பது சாய்வு. ஒரு டிகிரி வலப்பக்கம் நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அது. 100 என்பது குத்து அச்சின் வெட்டுத்துண்டு, அதாவது கோடு அந்த அச்சை வெட்டும் உயரம். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் பாடத்தின் உயிர் இதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது.

கோட்டை இடப்பக்கமாக நீட்டுங்கள். பருமன் குறைந்துகொண்டே போய், ஓரிடத்தில் கோடு கிடை அச்சைத் தொடும். சமன்பாட்டில் பருமனைச் சுழியாக்கி, 100-ஐ 0.366-ஆல் வகுத்தால் அந்த இடம் கிடைத்துவிடும்: ஏறத்தாழ −273 டிகிரி. இப்போது இருமடங்கு காற்றை எடுத்துக்கொள்வோம். குத்து அச்சின் வெட்டுத்துண்டு 200 ஆகிவிடும், சாய்வும் 0.732 ஆகும். கிடை அச்சைத் தொடும் இடமோ அசையாது! ஹைட்ரஜனை அடைத்தாலும் கோடு கிட்டத்தட்ட அங்கேதான் வந்து சேரும். 100 என்பது நாம் அடைத்த அளவு. −273 என்பது இயற்கை வைத்த எண். உண்மையில் எந்த வாயுவும் அங்கே பருமனற்றுப் போவதில்லை. ஆக்சிஜன் −183 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது. வாயு நின்றுவிடும் இடத்துக்கு அப்பாலும் கோடு சென்று, தனிச்சுழி வெப்பநிலையை, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாத எல்லையைக் காட்டிக்கொடுக்கிறது.

அவ்வளவு தொலைவு நீட்டும்போது சாய்வில் சிறு பிழையும் பெரிதாகிவிடும். 1802-இல் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக், 100 பங்கு வாயு 100 டிகிரியில் 137.5 பங்காக விரிவதாக அளந்தார். சாய்வு 0.375. அதை நீட்டினால் கோடு −267-இல் அச்சைத் தொடுகிறது. பின்னர் ரென்யோ என்ற இன்னொரு பிரெஞ்சு அறிவியலாளர் இன்னும் நுட்பமாக அளந்து 0.3665 அளவுக்குக் கொண்டுவந்தார். சாய்வில் 0.0085 மாறியதற்கு, தொடுமிடம் ஆறு டிகிரி நகர்ந்துவிட்டது. நீளமான கழியின் அடியை லேசாக அசைத்தால் நுனி எவ்வளவு ஆடும்! சாய்வைத் துல்லியமாக அளப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

தனிச்சுழி −273.15 டிகிரி செல்சியஸ் என்பது இன்றைய மதிப்பு. கெல்வின் அளவுகோல் செய்வது, குத்து அச்சை அப்படியே பெயர்த்து அந்தப் புள்ளியில் நடுவதுதான். சாய்வு மாறாது, 100 மட்டும் சமன்பாட்டிலிருந்து மறைந்துவிடும்:

பருமன் = 0.366 × கெல்வின் வெப்பநிலை

கோடு இப்போது ஆதிப்புள்ளி வழியாகச் செல்கிறது. செல்சியஸில் 20-ஐ 40 ஆக்கினால் பருமன் இருமடங்காவதில்லை. கெல்வினில் 300-ஐ 600 ஆக்கினால், ஏறத்தாழ 110 மில்லிலிட்டராக இருந்த காற்று 220 ஆகிவிடுகிறது.