கண் பிரஷர் உள்ளவர்களுக்குக் காப்பீட்டு அட்டை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

கண் பிரஷர் என்று நாம் சொல்லும் கிளௌகோமா இருப்பவர்களும், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தாலும் தினமும் விடும் சொட்டு மருந்துக்கு அது செல்லாது. பட்டியலில் உள்ள அறுவைக்கும், மருத்துவமனையில் செய்யும் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கும்தான் அந்த அட்டை. மருந்துக்கடை பில்லைக் காட்டி ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.

இது தெரியாமல், "அட்டை வந்துடட்டும், அப்புறம் மருந்து பாத்துக்கலாம்" என்று சொட்டு மருந்தை நிறுத்தியவர்களைக் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நான் பார்த்திருக்கிறேன். கிளௌகோமாவில் போன பார்வை திரும்பாது. பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் தேயும். நேரே இருப்பது தெளிவாகத் தெரிவதால் ஆளுக்குச் சந்தேகமே வராது. அட்டைக்கான அலைச்சல் எத்தனை மாதம் இழுத்தாலும் சொட்டு மருந்து ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

சரி, மருந்துக்கு எங்கே போவது? கடலூர் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையின் கண் பிரிவில் ஓபி சீட்டுப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலோ ஜிப்மர் மருத்துவமனையிலோ எழுதிக் கொடுத்த சீட்டை நேரே மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். அரசு மருத்துவர் பார்த்துத் தன் சீட்டில் எழுதினால்தான் மருந்து. ஆகவே பழைய சீட்டோடு மருத்துவரைப் பார்க்க வரிசையில் நில்லுங்கள். அங்கே டைமோலால் போன்ற சொட்டு மருந்தைத்தான் முதலில் தருவார்கள். ஆஸ்துமா, இழுப்பு இருப்பவர்கள், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். டைமோலால் அவர்களுக்கு ஆபத்து. உங்களுக்கு எழுதிய மருந்து அங்கே இல்லையென்றால், வேறு ஒன்றை வாங்கி நீங்களாக விட்டுக்கொள்ளாதீர்கள். எழுதிய மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு வாங்கி, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். கம்பெனிப் பெயரைச் சொன்னால் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்கள் தருவது சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை. கண் மருந்தும் அதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். விதி இவ்வளவுதான். ஆட்கள் விழும் குழிகள் வேறு.

ரேஷன் அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீட்டிலும் பெயர் இல்லை. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டு அட்டையில் இருக்கும். தனி அட்டை வைத்திருக்கும் அம்மா, மகனோடு குடியிருப்பார். மகனின் காப்பீடு தனக்கும் சேரும் என்று நம்பிக்கொண்டிருப்பார். அறுவைக்குத் தேதி கொடுத்த அன்றுதான் இதெல்லாம் தெரியவரும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இனிஷியல் மாறி இன்னொரு பெயர் என்றால் அதற்கும் நிறுத்திவைப்பார்கள். நோயாளியின் தவறு ஒன்றுமில்லை. ஏதோ ஒரு கணினியில் யாரோ தப்பாகத் தட்டியதற்கு அறுபது வயது மனுஷி பஸ் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கண் நன்றாக இருக்கும்போதே இதைச் சரிசெய்து வையுங்கள்.

பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒப்புதல் சிகிச்சைக்கு முன்பே வர வேண்டும். "இப்ப கட்டிடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றால், அங்கேயே நின்று 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆல்பேட்டை தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டினால் கன்னியக்கோயில் புதுச்சேரி. பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் அரசாங்கம் வேறு. இது தமிழ்நாட்டு அட்டை. அங்கே உள்ள மருத்துவமனைக்குப் போகுமுன் அது திட்டப் பட்டியலில் உள்ளதா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் கண் சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். இதயத்துக்கு அனுமதி பெற்ற மருத்துவமனை கண்ணுக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. அதேபோல், புதுச்சேரி ரேஷன் அட்டை வைத்துக்கொண்டு கடலூரில் வாடகைக்கு இருப்பவருக்கு இந்தத் திட்டம் கிடையாது.

மிக அதிகமாக ஆட்கள் ஏமாறுவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில்தான். பெரும்பாலான உதவிகளுக்குக் குறைபாடு 40 சதவீதம் என்று சான்று வேண்டும். ஒரு கண் அடியோடு போய், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் போடுவார்கள். அது மருத்துவர் வஞ்சகம் இல்லை, விதி அப்படி. கண்ணாடி போட்ட பிறகும் இரண்டு கண்ணிலும் 6/24 (மற்றவர் 24 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதற்குக் கீழே என்றால் 40 தொடங்கும்.

ஆனால் கிளௌகோமாக்காரருக்கு விழும் அடி இதில் இல்லை. சுவரில் உள்ள எழுத்தை அவர் கடைசி வரி வரை படித்துவிடுவார். "பார்வை நல்லாத்தான் இருக்கு" என்று சான்று கொடுக்கும் முகாமில் அனுப்பிவிடுவார்கள். அவரோ படிக்கட்டில் தடுக்கி விழுவார், பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்துப் பலகையை மட்டும் சொல்லவில்லை. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. எனவே பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்த தாளை, இரண்டு கண்ணுக்கும், சமீபத்தில் எடுத்ததாக, கையோடு கொண்டுபோங்கள். அதைப் பார்க்காமல் முடிவு எழுத விடாதீர்கள். "ஐயா, ஃபீல்டு ரிப்போர்ட்டையும் பாருங்க" என்று மரியாதையாக, ஆனால் எழுந்துவிடாமல் சொல்லுங்கள். கண்ணாடியையும் மறக்காமல் போட்டுப் போங்கள். புரையும் சேர்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். அதை முடித்துவிட்டே போவது நல்லது.

அட்டை கிடையாது என்று மறுத்தால், அவர்கள் வாயால் சொல்வதோடு விடாதீர்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அது தர வேண்டியது. சட்டத்தின் 59-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. எழுத்தில் மறுப்பு இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் பிடிமானம் இல்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாலும் ரசீதில்லாமல் திரும்ப வேண்டாம்.

மாற்றுத்திறனாளி அட்டை வந்துவிட்டால் உதவித்தொகை தானாக வரும் என்று இருந்துவிடுகிறார்கள். வராது. அதற்குத் தனியாக, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாருக்கு விண்ணப்பிக்க வேண்டும். சான்று தற்காலிகமானதா என்றும் பாருங்கள். தேதி போட்டிருந்தால், அது முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதிய ஃபீல்டு டெஸ்ட் எடுத்து, மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.