பழைய சிறிய காருக்கு டயர் வாங்கும் முன் ரிம்மைக் கவனியுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மாருதி 800, ஆல்ட்டோ, சாண்ட்ரோ போன்ற கார்களைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர்களில் பலர், வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே வண்டியை எடுக்கிறார்கள். டயரைப் பற்றிப் பேசினால், "பட்டன் அப்படியே இருக்கிறதே" என்கிறார்கள். பட்டன், அதாவது டயரின் மேற்பரப்பில் சாலையைப் பிடிக்கும் வரிக்கட்டைகள், தேயாமல் இருப்பது உண்மைதான். ஆனால் குறைவாக ஓடும் வண்டியின் டயர் தேய்மானத்தால் அல்ல, வயதால்தான் வீணாகிறது. வெயிலில் நின்றே ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் விழுந்த டயரை நம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமெடுப்பது ஆபத்து.

டயரின் வயதை அறிய, பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். நம் கடலோர வெயிலுக்கு ஆறேழு ஆண்டுகளிலேயே மாற்றிவிடச் சொல்வது என் வழக்கம். புதிய டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள், ஏனெனில் கிடங்கில் தங்கிய பழைய சரக்கும் தள்ளுபடி விலையில் வரும். ஏற்கெனவே ஓடிய 'செகண்ட்ஸ்' டயரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. டயருக்குள் இருக்கும் கம்பி அறுந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

ஆனால் எங்கள் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாதது ரிம்தான். ஆணி ஏதும் இல்லாமலேயே ஒரு சக்கரத்தில் மட்டும் வாரந்தோறும் காற்று இறங்குகிறது என்று வரும் வண்டிகளில், டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழும். டயரைக் கழற்றிப் பார்த்தால், அது பதிந்து உட்காரும் இடத்தில் துரு செதில்செதிலாக உரிந்திருக்கும். உப்புக்காற்றும் மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரும் செய்யும் வேலை இது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீரில் நின்ற வண்டிகளின் ரிம்களை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. துரு மேலோட்டமாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, புதிய வால்வு போட்டால் ரிம் மீண்டும் உழைக்கும். தகடு அரித்துக் குழிவிழுந்திருந்தால் மாற்றுவதே சரி. அத்தகைய ரிம்மில் புதிய டயரை மாட்டுவது பணத்தை வீணாக்குவதாகும்.

அலாய் வீல் அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் பழைய சிறிய காருக்கு இரும்பு ரிம்மே சிக்கனமானது. குழியில் விழுந்து லேசாக நெளிந்தால் இரும்பில் பெண்டு எடுக்கலாம். அலாயில் பெரும்பாலும் விரிசல் விடும், அதன் மேற்பூச்சு உரிந்த இடத்தில் உப்பும் பூக்கும்.

அளவைப் பொறுத்தவரை நிறுவனம் குறிப்பிட்டதை மாற்றாதீர்கள். மாருதி 800-க்கு 145/70 ஆர்12, ஆல்ட்டோ 800-க்கு 145/80 ஆர்12. இரண்டுக்கும் ரிம் 12 அங்குலம்தான் என்றாலும் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் வேறுபடுவதால், மாருதி 800-இல் ஆல்ட்டோ 800-இன் டயரைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். மிகப் பழைய ட்யூப் ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் மாட்ட விரும்பினால், டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு அந்த ரிம்மில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், பில்லும் கட்டாயம் வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

நான்கையும் மாற்ற வசதியில்லையெனில் இரண்டை மட்டும் வாங்கலாம். அவற்றை முன்சக்கரத்தில் போடச் சொல்பவர்களே அதிகம். நான் பின்னால் போடச் சொல்வேன், ஏனென்றால் ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், ஓட்டுபவரால் சமாளிப்பது கடினம். முன்னால் வரும் பழைய டயரிலும் பட்டன் ஆழம் சட்டப்படியான 1.6 மில்லிமீட்டருக்கு மேல் போதிய அளவு இருக்க வேண்டும். மாட்டியவுடன் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்துவிட்டு, ஸ்டெப்னியின் தேதியையும் காற்றையும் அன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.