சாயக்கடையில் பேர் எழுதி வாங்குங்கள்

ஈரோடு, பவானி, சென்னிமலைப் பக்கம் மருத்துவம் பார்க்கிறவர்களுக்குச் சாயம் பட்ட கைகளும் தறிச் சத்தம் கேட்டுப் பழகிய காதுகளும் புதிதல்ல. கை வெந்துபோய் வருவார்கள், கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு வருவார்கள், ராத்திரியில் மூச்சு இரைக்கிறது என்று வருவார்கள். "என்னங்க பட்டது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "சாய மருந்துங்க." எந்த மருந்து? "வெள்ளையா இருக்குமுங்களே, அது."

வெள்ளையாக இருப்பது காஸ்டிக் சோடாவாக இருக்கலாம், சோடா ஆஷாக இருக்கலாம், ஹைட்ரோஸ், சோடியம் நைட்ரைட், கிளாபர் உப்பு, ஏன், சாயத்தொட்டியில் போடுகிற சாதாரண உப்பாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு அரைமணி நேரம் தண்ணீரில் கழுவ வேண்டும், இன்னொன்றுக்கு ரத்தத்தில் ஊசி போட வேண்டும், மற்றொன்றுக்கு எதுவுமே தேவையில்லை. பேர் தெரியாவிட்டால் நாங்கள் அறிகுறியை வைத்து ஊகிக்கிறோம், அந்த நேரத்தில் உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகிறது.

இந்தப் பேர் எங்கே தொலைகிறது என்று பார்க்கத்தான், வெகுநாளாக என்னிடம் வருகிற ஒரு சாயக்காரரோடு அவர் வழக்கமாக வாங்குகிற கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் முழுக்கக் கழி நூல் கட்டுகள், ஜமக்காளத்துக்குப் போகிற தடித்த நூல் முதல் சேலைக்கான மெல்லிய நூல் வரை. உத்தரத்தில் தறிக்கு மாட்டுகிற அச்சும் விழுதும் தொங்குகின்றன, கண்ணாடிப் பெட்டியில் ஊடை நூலோடு ஓடுகிற நாடாக்கள், நூல் சுற்றுகிற தார்க் குச்சிகள், கீழே ராட்டைக்கான சாமான்கள். கல்லாவில் இருக்கிற பெரியவருக்கு எந்த ஊர்த் தறிக்கு எந்த அச்சு சேரும் என்பது விரல்நுனியில் இருக்கிறது. அப்படிப்பட்ட கடைகள் இருப்பதால்தான் வீட்டில் ஒற்றைத் தறி வைத்திருக்கிறவர்கள் இன்னும் பிழைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பின்கட்டில்தான் மருந்துகள். கம்பெனியிலிருந்து வருகிற மூட்டையில் எல்லாம் அச்சடித்திருக்கிறது: ரசாயனத்தின் பேர், தயாரிப்பு எண், கை அரிக்கிற மாதிரி ஒரு படம், தீ எரிகிற மாதிரி ஒரு படம். மூட்டையின் வாயைப் பிரித்ததும் அது எல்லாம் மடிப்புக்குள் போய்விடுகிறது. கடைப்பையன் ஒரே கரண்டியால் இதில் அள்ளி அதில் அள்ளி, மெல்லிசான பிளாஸ்டிக் கவரில் போட்டு, எடை பார்த்து, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுக்கிறான். வாங்குகிறவர் அரைக் கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. நாலு கவரும் ஒரு பையில், பை வண்டியின் முன்னால், அதற்கு மேல் வீட்டுக்கு வாங்கிய தக்காளி. "இத்தனை வருஷமா இப்படித்தானுங்க டாக்டர் கொடுக்கறோம், வாங்கறவங்களுக்குத் தெரியும்" என்றார் பெரியவர். உண்மைதான், வாங்குகிறவருக்குத் தெரியும். அவர் மனைவிக்குத் தெரியுமா, பேரப்பிள்ளைக்குத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

காஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். வாட் சாயம் என்பது தண்ணீரில் தானாகக் கரையாத ஜாதி, அதைக் கரைக்கக் காஸ்டிக் இல்லாமல் முடியாது. செதில் செதிலாக வெள்ளையாக இருக்கும், காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். அமிலம் தோலில் பட்டால் மேலே இருக்கிற புரதத்தைக் கெட்டியாக்கி, அந்தக் கெட்டியான படலமே கொஞ்சம் தடுத்து நிறுத்தும். காஸ்டிக் போன்ற காரம் அப்படி இல்லை, திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும், முதலில் வலியும் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் "காலையில பட்டதுங்க, ஒண்ணும் பெருசா தெரியல" என்று சாயங்காலம் வருகிறவர் கையில் தோல் வழுவழுவென்று சோப்பு தேய்த்த மாதிரி இருக்கிறது.

கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்கு முன்னால் தண்ணீர். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் தகும். குழாயடியிலோ சொம்பிலோ, இமையை விரலால் நன்றாகப் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை அரைமணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். பட்டறையிலேயே அதைச் செய்தவருக்கும், பொத்திக்கொண்டு பஸ் ஏறி வந்தவருக்கும் பார்வையில் இருக்கிற வித்தியாசம் ஆயுசுக்கும் மாறாது. தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். காரத்துக்கு எதிர் எலுமிச்சம்பழம் என்று யாராவது பிழிய வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். தோலில் செதில் ஒட்டியிருந்தால் முதலில் காய்ந்த துணியால் தட்டிவிட்டு அப்புறம் நிறையத் தண்ணீர். கரைக்கும்போது எப்போதும் குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

கரைத்து மிஞ்சியதைத் தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வைக்கிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப இருக்கிறது. விளையாடிவிட்டு வந்த குழந்தை தாகத்தில் எடுத்து ஒரு வாய் குடித்துவிடுகிறது. அந்த ஒரு வாய்க்கு உணவுக்குழாய் வெந்து, சில வாரத்தில் சுருங்கி, சோறு இறங்காமல், குழாயை விரித்துவிட மாதா மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைகிற குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கு இதைப் பற்றி நிதானமாகப் பேச வராது. எனக்கும் வரவில்லை. அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே ஏறும்போது இன்னொரு தடவை வேகும். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே 108ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள்.

சோடியம் நைட்ரைட், நூலின் மேலேயே இரண்டு மருந்து சேர்ந்து நிறம் பிடிக்கிற நாப்தால் சாயத்துக்கு வாங்குவது. பார்க்க அச்சு அசல் உப்பு, ருசியும் உப்புதான். பேர் எழுதாத கவர் பட்டறையிலிருந்து சமையல்கட்டுக்கு வர ஒரு அவசர நாள் போதும். இது உள்ளே போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற வேலையை விட்டுவிடும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும், எடுக்கிற ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், ஆக்சிஜன் வைத்தாலும் விரலில் மாட்டுகிற கருவியில் எண் ஏறாது. மாற்று மருந்து உண்டு: மெத்திலீன் புளூ. 1876இல் ஜெர்மனியில் துணிக்குச் சாயமாகக் கண்டுபிடித்ததுதான், இன்று அவசரப் பிரிவில் ஊசியாக ஏறுகிறது. நைட்ரைட் என்கிற பேர் சீட்டில் இருந்தால் அதைத் தேடி எடுக்க எங்களுக்கு நிமிஷக் கணக்கு. இல்லாவிட்டால் மாரடைப்பா, நுரையீரலா என்று சுற்றி வளைத்துத்தான் அங்கே வந்து சேர வேண்டும்.

ஹைட்ரோஸ், வாட் சாயத்தைக் கரைக்கக் காஸ்டிக்கோடு சேர்த்துப் போடுகிற பொடி. அதற்கு எதிரி ஈரம். நனைந்த கரண்டி, சொட்டுகிற கூரை, மழைக்காலத்தில் வாய் கட்டாத கவர், எது கிடைத்தாலும் தானாகச் சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கும், மூச்சை அடைக்கிற கந்தக வாயு வரும். அதனால் கடையில் கம்பெனி சீல் உடைக்காத டப்பாவாகவே கேளுங்கள். மூட்டை புகைய ஆரம்பித்தால் சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால் இன்னும் கிளம்பும், வெளியே வந்துவிட்டுத் தீயணைப்புக்கு 101ஐக் கூப்பிடுங்கள்.

வண்ணப் பொடிகள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்கிற ஜாதி, அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை. அதே குணத்தால் மூச்சுக்குழாயில் இருக்கிற நம் உடம்புப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒன்றும் இருக்காது, பிறகு ஒரு நாள் உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும், அதற்கப்புறம் பக்கத்து அறையில் யாரோ டப்பாவைத் திறந்தாலே இழுப்பு வரும். பல சமயம் வேலை முடிந்து மணிக்கணக்கு கழித்து ராத்திரியில்தான் இருமல் தொடங்குவதால் யாரும் சாயத்தைச் சந்தேகப்படுவதில்லை, குளிர், பனி, தயிர் என்று காரணம் சொல்வார்கள். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நோம்பிக்கு நாலு நாள் பட்டறை அடைத்தால் எப்படி இருக்கிறது? "அப்ப நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. நூற்பு மில்லில் பஞ்சுத் தூசியால் வருகிற நெஞ்சு இறுக்கம் இதற்கு நேர்மாறு, லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளில்தான் அதிகம் படுத்தும். இரண்டையும் சாதாரண ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் நுரையீரல் தேய்ந்துகொண்டே போகும்.

பொடியை எடை போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், எடுத்த கையோடு கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துவிட்டால் பறக்காது. வாயில் துண்டு கட்டுவது பத்தாது, நுண்தூசியைத் தடுக்கிற முகக்கவசம் வேண்டும். கையுறை இல்லாமல் முக்கிவிட்டு, அப்புறம் மாரியம்மன் நோம்பிக்குப் போக வேண்டும், கல்யாணத்தில் நாலு பேர் கையைப் பார்ப்பார்கள் என்று பிளீச்சிங் பவுடரிலும் ஹைட்ரோஸிலும் கையைத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். சாயத்தைவிட அந்தக் கழுவல்தான் அதிகமான கைகளைக் கெடுக்கிறது. விரலிடுக்கு வெடித்து, அரித்து, நீர் வடிந்து, வேலையையே விடுகிற நிலைக்கு வருகிறார்கள். கறை இரண்டு வாரத்தில் தானாகப் போகும், தோல் உரிய விட்டுவிட்டால் போதும். பிளீச்சிங் பவுடரை ஆசிடோடு சேர்த்தால் குளோரின் வாயு வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மலிவாகக் கிடைக்கிற பேரில்லாத வண்ணப் பொடி இன்னொரு கவலை. சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் 1895லேயே எழுதிவிட்டார். பென்சிடின் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக உடையக்கூடிய 112 சாயங்களை நம் நாட்டிலும் 1990களிலேயே தடை செய்தாகிவிட்டது. டப்பாவில் கம்பெனிப் பேரும் சாயத்தின் பேரும் எண்ணும் இருந்தால் அது தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க முடியும், கவரில் "சிவப்பு" என்று வாங்கினால் எதைப் பார்ப்பது? பல வருஷம் சாய வேலை செய்தவருக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒரு தடவை போய் நின்றுவிட்டாலும், சூடு என்று இளநீர் குடித்துவிட்டு இருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

இப்போது இயற்கைச் சாயம் கற்றுக்கொண்டு வீட்டில் செய்கிற பெண்கள் அதிகமாகியிருக்கிறார்கள், சந்தோஷமான விஷயம். அவுரியும் மஞ்சிட்டியும் கடுக்காயும் பெரிய தொந்தரவு தராது. ஆனால் நிறம் நிற்பதற்கு அதே கடையில் வாங்குகிற மயில்துத்தமும் (செம்பு உப்பு) அன்னபேதியும் (இரும்பு உப்பு) விஷம்தான், மயில்துத்தம் உள்ளே போனால் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். நீலக் கற்கண்டு மாதிரி மின்னுவதால் குழந்தைகள் கை வைக்கும். சமைக்கிற பாத்திரத்தில் சாயம் காய்ச்சாதீர்கள், அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, பூட்டு போட்ட அலமாரி. முற்றம் தெளிக்க நம் கொங்குப் பக்கத்தில் மட்டும் சர்வசாதாரணமாகப் புழங்கிய சாணிப்பவுடரும் ஆரமைன், மாலகைட் கிரீன் போன்ற செயற்கைச் சாயம்தான். கோயம்புத்தூர், ஈரோடு ஆஸ்பத்திரிகள் அதனால் இழந்த உயிர்கள் ஏராளம். வீட்டில் பழைய பொட்டலம் கிடந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட அளவுக்கு அந்தப் பேச்சு போனது, போக வேண்டியதுதான். அதே மருந்தை ஆற்றுக்கு முன்னால் வெறுங்கையில் தொடுகிறவர்களைப் பற்றிய பேச்சு அதில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கடையில் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. சில்லறையாக வாங்கினாலும் மூட்டையில் இருக்கிற அச்சை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கவரின் மேல் அழியாத பேனாவால் தமிழில் பேரும் தேதியும் எழுதித் தரச் சொல்லுங்கள். காஸ்டிக்குக்கும் ஹைட்ரோஸுக்கும் ஒரே கரண்டி போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. நாங்கள் போன கடையில் இதைக் கேட்டபோது பெரியவர் முதலில் "நேரம் ஆகுமுங்க" என்றார், பிறகு கல்லாவிலிருந்த பேனாவை எடுத்து அவரே ஒரு கவரில் எழுதிப் பார்த்தார். கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: மருந்து மூட்டை ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, ஒரு கட்டு ஒட்டும் சீட்டு, சீட்டில் பேரோடு "கண்ணில் பட்டால் அரைமணி நேரம் தண்ணீர்" என்று ஒரு வரி. அச்சடிக்கிற செலவு சங்கடம் என்றால் சொல்லுங்கள், எங்கள் மருத்துவமனையிலேயே அடித்துத் தருகிறோம்.