இரவில் ஆறாத கடலும் இளம் பவளங்களும்

காசிமேட்டில் மீனவர்களிடம் கடல்நீர் சூடாகிப் பவளப்பாறைகள் நிறமிழந்து வெளிறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "பகல்ல தண்ணி சூடாவுது, ராவுல ஆறிடுது, இது என்னா புதுசா, தம்பி?" என்று கேட்டார். கடல் உயிரியலாளனாக நான் அடிக்கடி விளக்க வேண்டியிருக்கும் இடத்தையே அவர் தொட்டுவிட்டார்.

வெப்பம் ஏறி இறங்குவது மட்டுமே பவளத்துக்குப் பகையன்று. அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில், கடல் வற்றும்போது தேங்கும் ஆழமற்ற நீரில் ஒரே நாளில் 6 டிகிரி செல்சியஸ் வரை மாறுபாடு காணப்படுகிறது. ஆயினும் அங்கே வளர்ந்த பவளங்கள், அருகே வெப்பம் அவ்வளவு மாறாத நீரில் வளர்ந்தவற்றைவிட நன்றாகவே சூட்டைத் தாங்குகின்றன. ஆனால் அவை, பல சிற்றுயிரிகள் ஒன்றாக இணைந்து வளர்ந்து பழகிய கூட்டங்கள்.

பாறையில் அப்போதுதான் ஒட்டிய இளம் பவளமோ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அகலமே உடையது. ஒட்டுவதற்கு முன், நீந்தித் திரியும் பருவத்தில் தன் உடலிலுள்ள கொழுப்பை நம்பியே அது உயிர்வாழ்கிறது. நீர் சூடானால் அந்தச் சேமிப்பு விரைவில் கரைவதால், தொலைவிலுள்ள பாறைகளைச் சென்றடையும் வாய்ப்பும் குறைகிறது. ஒட்டிய பிறகும், தனக்கு உணவூட்டும் நுண்பாசிகளைப் பல இனங்கள் சுற்றியுள்ள நீரிலிருந்தே பெற வேண்டும். நண்பகலில் வெப்பமும் ஒளியும் மிகும்போது, அந்தப் பாசிகளின் ஒளிச்சேர்க்கை பழுதடைந்து, திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. பெரிய கூட்டத்தில் ஓர் உயிரி நலிந்தால் அண்டை உயிரிகளிடமிருந்து அதற்கு ஊட்டம் வரும். தனித்த குஞ்சுக்கு அந்தத் துணை இல்லை.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள மன்னார் வளைகுடாப் பாறைகளில், மான்கொம்புப் பவளங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இனப்பெருக்கம் செய்கின்றன. அடுத்து வருவது கடும் கோடை. 2010, 2016 ஆம் ஆண்டுகளில் அங்கே பெருமளவில் வெளிறல் நிகழ்ந்தது. ஆகவே நீருக்கடியில் பொருத்திய வெப்பப் பதிவுக் கருவியை எடுத்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது நண்பகல் உச்சத்தை அன்று, விடியற்காலையின் தாழ்ந்த அளவையே. அது வாரக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், பகலில் பட்ட சேதத்தைச் சரிசெய்துகொள்ளக் குஞ்சுகளுக்கு இடைவெளியே கிடைப்பதில்லை. பெரியவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: இப்போது ராவிலும் தண்ணீர் முன்போல ஆறுவதில்லை.

பவளம் வளர்க்க நினைத்துக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுத் தொட்டியின் சிறிதளவு நீர், விளக்கின் சூட்டாலும் மின்தடையாலும் கடலைவிட விரைவாக வெப்பம் மாறும். அதைவிட முக்கியமாக, பாறை கட்டும் பவளங்கள் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. நம் கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளத்தை யாரேனும் விற்க முன்வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.