'சிக்னல் வேலை செய்யேல்லை' என்றால் எது வேலை செய்யேல்லை?

யாழ்ப்பாணத்தில் கணினியில் ரெயின் சிமுலேற்றர் (ரயில் ஓட்டும் விளையாட்டு) ஓட்டும் பெடியளிடம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு ஒன்று உண்டு: "அண்ணை, சிக்னல் வேலை செய்யேல்லை." இதை மட்டும் கேட்டுக்கொண்டு யாராலும் உதவி செய்ய முடியாது. கம்பத்தில் விளக்கே எரியவில்லையா? எரிகிறது, ஆனால் சிவப்பிலேயே நின்றுவிட்டதா? பச்சைதான் தெரிகிறது, ஆனால் எஞ்சின் அறைக்குள் மணி அடிக்கவில்லையா? இவை மூன்றும் மூன்று பழுதுகள். ஒன்றுக்குக் கோப்பைத் திருத்த வேண்டும், மற்றதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், மூன்றாவதற்கு ஒரு விசையை அழுத்தினாலே போதும். 'சிக்னல்' என்ற ஒரே சொல் இவை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலில் அந்த இரவல் சொல். லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம். ரோமப் படைகள் முன்னே தூக்கிச் சென்ற சின்னக் கம்பத்துக்கும் அதுதான் பெயர். அதிலிருந்து பிறந்த வடிவம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து எங்கள் ஸ்ரேசன் மேடைக்கும் வந்தது. ஆக, கம்பமும் 'சிக்னும்', கம்பம் சொன்ன செய்தியும் 'சிக்னும்'. குழப்பம் ரோமிலேயே தொடங்கிவிட்டது.

இலங்கையின் அரச அறிவித்தல்களும் பத்திரிகைகளும் எழுதுவது 'சமிக்ஞை'. 'சமிக்ஞைக் கோளாறு காரணமாகப் புகையிரதம் தாமதம்' என்ற வரியை வாசிக்காத இலங்கைத் தமிழர் குறைவு. வடமொழி 'ஸம்ஞா'வின் வழி வந்தது அது. அந்த மூலச் சொல்லுக்கு அடையாளம், பெயர், உணர்வு என்று பல பொருள்கள். எழுத்தில் கம்பீரமாக நிற்கும், வாயில் வராது. கோச்சிக்குக் காத்திருக்கும் எவரும் "சமிக்ஞை விழுந்திட்டுதோ" என்று கேட்டதில்லை. தவறான சொல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கம்பம், விளக்கு, செய்தி, மின்னலை எல்லாவற்றையும் அதுவும் ஒன்றாகவே சுருட்டுகிறது. அந்த வகையில் 'சிக்னல்' செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

கம்பத்துக்குத் தமிழ் வைத்த பெயர் 'கைகாட்டி'. கை, காட்டு என்ற இரண்டோடும் செய்பவரை அல்லது செய்யும் பொருளைக் குறிக்கும் 'இ' விகுதி சேர்ந்தது. வழிகாட்டி, திசைகாட்டி, நாட்காட்டி எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. சந்திகளில் ஊர்ப்பெயர் எழுதி நிறுத்தும் பலகைக்கும் இதே பெயர் உண்டு. கைகாட்டி மரம் என்றும் சொல்வார்கள். ஆங்கிலம் இந்த இடத்தில் கிரேக்கத்துக்குப் போய் 'செமபோர்' என்ற சொல்லை எடுத்தது: செமா என்றால் குறி, போரோஸ் என்றால் தாங்குவது. குறிதாங்கி என்று அதைப் பெயர்த்திருக்கலாம். ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று பார்த்த ஆள் அகராதி புரட்டவில்லை. உயரத்தில் ஒரு கை நீட்டியிருக்கிறது, பிறகு இறங்குகிறது, கண்டதைச் சொன்னார். இவ்வளவு நல்ல கலைச்சொல்லை எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அந்தக் கைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சில் குளோட் ஷாப் 1790களில் கோபுர உச்சிகளில் அசையும் மரக்கைகளை வைத்துச் செய்தி அனுப்பினார். 1840களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரயில் பாதைகள் அந்தக் கையை எடுத்துக்கொண்டன. கிடையாக நீட்டினால் நில், இறங்கினால் போ. பகலில் கை, இரவில் அதன் அடியில் நிறக் கண்ணாடிக்குப் பின்னால் எண்ணெய் விளக்கு. பச்சைக்கு வைத்தது நீலம் கலந்த கண்ணாடி. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரியும்.

ஆரம்பத்தில் 'போ' என்பதற்கு வெள்ளை வெளிச்சம்தான் வைத்திருந்தார்கள். சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் என்ன தெரியும்? வெள்ளை. நிற்க வேண்டிய சாரதிக்குப் 'போ' என்று கிடைக்கும். பின்னால் பச்சையை வழிவிடும் நிறமாக்கியதற்கு இது ஒரு முக்கிய காரணம். கைக்கும் இதே ஆபத்து வந்தது. 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் பனி உறைந்து, இறங்கிய கை இறங்கியபடியே ஒட்டிக்கொண்டது. நிலையத்தில் நெம்புகோலைத் திருப்பியும் கை எழவில்லை. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த கடுகதி நிலக்கரி வண்டியொன்றில் மோதியது. அதற்குப் பிறகுதான் கைகாட்டியின் இயல்பு நிலை 'நில்' என்று இருக்க வேண்டும் என்ற வழக்கம் உறுதியானது.

எங்கள் வடக்கு ரயில் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையானது. 1990இல் நின்றுபோனது. 2014 ஒக்ரோபரில் கோச்சி மறுபடி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்தபோது பாதையோடு சேர்ந்து கைகாட்டிகளும் புதிதாக வந்தன. இப்போது கையில்லை, மின்விளக்குகள்தான். அப்படியானால் பெயரை விட்டுவிடுவதா? கை போனாலும் காட்டுகிற வேலை போகவில்லை. நீராவி எஞ்சின் போய் எத்தனையோ காலமாகியும் 'புகையிரதம்' என்று எழுத எங்களுக்குக் கூச்சமில்லையே. 'விளக்குக் கைகாட்டி' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

சிமுலேற்றரில் கைகாட்டிப் பழுது என்றால் பொருளில் பழுது: கம்பம் காணவில்லை, கம்பம் நிற்கிறது ஆனால் விளக்கில்லை. பழைய மைக்ரோசொப்ட் ரெயின் சிமுலேற்றர் பாதைகளை ஓபன் றெயில்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டுபவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. எந்தக் கம்பத்தில் எத்தனை விளக்கு, என்ன வகை என்று ஒரு கோப்புச் சொல்கிறது. எப்போது எந்த நிறம் என்பதை இன்னொரு ஸ்கிரிப்ட் கோப்புச் சொல்கிறது. இரண்டும் பாதையின் கோப்புறையில் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கம்பம் வெறும் தடிதான். ஓபன் றெயில்ஸ் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தால் எது இல்லை என்று தெரிந்துவிடும்.

கம்பம் காட்டுகிற செய்திக்கு வேறு சொல் வேண்டும். அது 'குறி'. சிவப்புக் குறி, மஞ்சட்குறி, பச்சைக்குறி. இன்றைய பேச்சில் இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் ஏறிவிட்டதால் வகுப்பறையில் சொல்ல ஆசிரியர்கள் தயங்குவார்கள். இரண்டாயிரம் வருடப் புழக்கமுள்ள சொல்லை அதற்காக ஒளித்துவைக்க முடியாது. (மின்பொறியியல் எழுதுகிறவர்கள் மின்னலைக்குக் 'குறிகை' என்று இதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்திருக்கிறார்கள்.)

குறி மாறாமல் சிவப்பிலேயே நின்றால் பெரும்பாலும் கைகாட்டியில் பிழையில்லை. முன்னால் உள்ள பகுதியில் ஒரு வண்டி நிற்கிறது, அல்லது நீங்களே கழற்றிவிட்டு மறந்த பெட்டியொன்றின் வால் அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது எதிர்த்திசை வண்டிக்குப் பாதை ஒதுக்கியாயிற்று. கொடிகாமம், சாவகச்சேரி மாதிரி ஒற்றைத் தண்டவாளப் பாதையை உருவாக்கி ஓட்டுகிறவர்களுக்கு மூன்றாவது காரணம் அடிக்கடி வரும். கைகாட்டியைத் தொடாமல் நேர அட்டவணையைத்தான் திருத்த வேண்டும். வரைபடத்தைத் திறந்து முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் வழி தெரியாவிட்டால் 'ராப்' (Tab) விசை; அது சிவப்பைத் தாண்டக் கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி கேட்பது. பாராமலே அதை அழுத்துவது இந்தப் பொழுதுபோக்கின் கெட்ட பழக்கம்.

மூன்றாவது சொல் 'எச்சரிக்கை'. இது தெலுங்கு, கன்னடம் பக்கமிருந்து தமிழுக்கு வந்தது. வரவை அறிவிக்கும் ஒலியாகவும் பழைய புழக்கம் உண்டு. எங்கள் கூத்தில் கட்டியகாரன் அரசன் வருகிறான் என்று முன்கூட்டிக் கூவுவதுபோல, எஞ்சின் அறைக்குள் வரும் ஒலி கைகாட்டி வருகிறது என்றுதான் சொல்கிறது. கைகாட்டியில் என்ன இருக்கிறது என்று முழுதாகச் சொல்லாது. பிரித்தானியப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. 1952இல் ஹரோவில் 112 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு 1956இலிருந்து அங்கே பரவலாக்கிய தானியங்கி எச்சரிக்கை முறையில், கைகாட்டிக்குச் சுமார் 180 மீற்றர் முன்னால் தண்டவாளங்களுக்கு நடுவே காந்தங்கள் இருக்கும். பச்சை என்றால் மணி. இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு எல்லாவற்றுக்கும் ஒரே ஊதல். ஏறத்தாழ இரண்டு விநாடிக்குள் விசையை அழுத்தாவிட்டால் தடை தானாக விழும். அழுத்தினால் சூரியகாந்தி எனப்படும் வட்டம் மஞ்சளும் கறுப்புமாக மாறி நினைவூட்டியபடி இருக்கும்.

"பச்சையில்தானே வந்தனான், ஏன் ஊதுது?" என்று கேட்பவர், வேகக் குறைப்புப் பலகைகளுக்கு முன்னாலும் அதே காந்தம் உண்டு என்பதை அறியாதவர். "திடீரென்று வண்டி நிண்டிட்டுது" என்பவர் பெரும்பாலும் எச்சரிக்கையை ஏற்கும் விசையை அழுத்தாதவர். நின்ற பிறகு வேகப்பிடியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, எச்சரிக்கையை ஏற்று, தடையை விடுவித்தால் பல எஞ்சின்கள் மறுபடி கிளம்பும். ஜேர்மன் வண்டிகளில் கதை வேறு. மஞ்சட்குறியைத் தாண்டியதும் நான்கு விநாடிக்குள் விழிப்பு விசையை அழுத்த வேண்டும். அதோடு முடியாது, விரைவு வண்டியானால் 23 விநாடிக்குள் வேகம் 85 கிலோமீற்றருக்கு இறங்க வேண்டும். அழுத்தினேனே என்று சண்டை பிடிப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் செய்யாதவர்கள்.

இன்னொரு பழுது இருக்கிறது, எல்லாவற்றிலும் மோசமானது. நிற்க வேண்டிய இடத்தில் பச்சை எரிவது. 1988 டிசம்பரில் லண்டன் கிளப்பம் சந்தியில், துண்டித்து அகற்றாமல் விட்ட பழைய கம்பியொன்று தொட்டுக்கொண்டு கைகாட்டி பொய் சொன்னது. 35 பேர் இறந்தார்கள். ஆங்கிலத்தில் இதைத் 'தவறான பக்கத்துக்கு நேரும் பழுது' என்கிற பொருளில் சொல்வார்கள். தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. பழைய அகப்பாடல்களில் தலைவன் இரவில் ஓர் ஒலியெழுப்பித் தன் வரவைக் குறியாகத் தெரிவிப்பான். வேறேதோ காரணத்தால் அதே ஒலி எழ, தலைவி அவன் வந்துவிட்டான் என்று வெளியே வந்து ஏமாறுவாள். தொல்காப்பியக் களவியல் இதை 'அல்லகுறிப்படுதல்' என்கிறது. குறி போலிருந்து குறி அல்லாதது அல்லகுறி. ரயில் பாதைக்கு இதைவிடச் சரியான சொல் எந்த மொழியில் இருக்கிறதோ தெரியாது.

எச்சரிக்கை முறையில் முதலில் நிலைக்காந்தம் வைத்ததே அல்லகுறிக்குப் பயந்துதான். நிலைக்காந்தம் ஊதலை எப்போதும் தூண்டும்; பச்சை இருந்தால் மட்டும் அடுத்துவரும் மின்காந்தம் அதை மாற்றி மணியடிக்கச் செய்யும். மின்சாரம் போனால் ஊதலே வரும், மணி வராது. சிமுலேற்றர் பாதை கட்டுகிறவர்களிடம் அல்லகுறி வருவது வேறு வழியில்: கைகாட்டியைத் தண்டவாளத்தோடு பிணைக்கும் இணைப்பைப் பக்கத்துத் தண்டவாளத்தில் வைத்துவிடுவார்கள், அல்லது பாதை பிரியும் இடத்துக்கு அப்பால் வைப்பார்கள். கைகாட்டி உங்களைப் பார்த்து நிற்கும். கணக்கெடுப்பதோ அடுத்த தடத்தை. எந்த இணைப்பு எந்தத் தடத்தில், எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தொகுப்பியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். திருத்திய பின் வெற்றுப் பெட்டியொன்றை அப்பால் நிறுத்தி, சிவப்பு விழுகிறதா என்று சோதியுங்கள்.