போர் அபாய பிரீமியம்

வளைகுடாவில் ஓர் ஏவுகணை பறந்தால், மறுநாள் வணிகப் பக்கத்தில் ‘கச்சா எண்ணெய் விலையில் போர் அபாய பிரீமியம் கூடியது’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அந்தப் பிரீமியத்தை யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் எந்தச் செய்தியும் சொல்வதில்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒண்டிக்குடித்தனம் நடத்துவதுதான் காரணம்.

மூலம் லத்தீன். ‘பிரை’ என்றால் முன். ‘எமெரே’ என்றால் எடுத்தல், வாங்குதல். இரண்டும் சேர்ந்த ‘பிரைமியம்’, பிறருக்கு முன் தனக்கென எடுத்துக்கொண்டதையும், போரில் கிடைத்த கொள்ளைப்பொருளையும், பரிசையும் குறித்தது. இத்தாலிய மொழி வழியாகக் காப்பீட்டுப் பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில். போரில் அள்ளியதைக் குறித்த சொல், போருக்கு அஞ்சிக் கட்டும் பணத்தின் பெயராகிவிட்டது.

முதல் பொருள் அந்தக் காப்பீடுதான். சாதாரணக் கப்பல் காப்பீடு போர்ச்சேதத்தை ஏற்பதில்லை. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். லண்டனில் காப்பீட்டாளர்களின் கூட்டுப் போர்க் குழு ஒன்று ஆபத்தான கடற்பகுதிகளைப் பட்டியலிடுகிறது. 2019 மே மாதம் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைரா துறைமுகம் அருகே நான்கு கப்பல்கள் தாக்கப்பட்டதும் அந்தப் பட்டியலில் வளைகுடாப் பரப்பு விரிந்தது. குழு விலையை நிர்ணயிப்பதில்லை. பட்டியலில் உள்ள பகுதிக்குள் நுழையும் கப்பல், பெரும்பாலும் ஏழு நாள் கணக்கில், தன் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கூடுதலாகக் கட்டவேண்டும். அந்த விகிதத்தைக் காப்பீட்டாளர்கள் தனித்தனியே பேசி முடிக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கோடி டாலர் மதிப்புள்ள பெரிய எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 20 லட்சம் பேரல் சுமக்கும். விகிதம் 0.2 விழுக்காடு என்றால் 2 லட்சம் டாலர். பேரலுக்கு 10 சென்ட். ஒரு விழுக்காடு என்று வைத்தாலும் பேரலுக்கு 50 சென்ட்தான். சரக்குக்கான தனிக் காப்பீட்டைச் சேர்த்தாலும், ஒரே நாளில் எண்ணெய் ஐந்து டாலர் ஏறினால் அதற்கு இது விளக்கமாகாது.

அந்த ஐந்து டாலர்தான் இரண்டாவது பொருள். 2025 ஜூன் 12 அன்று, உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் பேரலுக்கு 69 டாலர் சுற்றில் முடிந்தது. மறுநாள் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. விலை 74 டாலரைத் தாண்டி முடிந்தது. அமெரிக்காவும் குண்டு வீசிய பிறகு, 23ஆம் தேதி சந்தை திறந்த வேளையில் 81 டாலரைத் தொட்டது. அன்றே ஈரான் கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின்மீது ஏவுகணை வீசியது. ஆனால் எண்ணெய்க் கப்பல்களைத் தொடவில்லை. வணிகர்கள் கவனித்தது அதைத்தான்: ஏவுகணை பறந்த அதே நாளில் விலை ஏழு விழுக்காடு சரிந்தது. போர்நிறுத்த அறிவிப்புக்குப்பின், 24ஆம் தேதி 67 டாலர். போருக்கு முன்பிருந்ததைவிடக் குறைவு.

அந்த நாட்களில் வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை மூடப்படவே இல்லை. 2024 கணக்குப்படி நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பேரல், அதாவது உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு, அந்தக் குறுகிய வழியே போனது. அது நின்றுபோனால் என்ன ஆகும் என்ற எண்ணத்துக்கு வணிகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விலைதான் ஏறி இறங்கியது. இதற்கு ரசீது கிடையாது, வசூலிப்பவரும் கிடையாது. போர் அச்சம் இல்லாதபோது இருந்திருக்கவேண்டிய விலை இவ்வளவு என்று ஆய்வாளர்கள் ஊகித்து, நடப்பு விலையிலிருந்து கழித்துச் சொல்லும் தொகை. ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். நான் அதைச் சற்றுத் தள்ளி வைத்தே படிப்பேன்.

இரண்டும் சேர்ந்தே ஏறவேண்டும் என்பதும் இல்லை. 1984 முதல் ஈரானும் ஈராக்கும் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. காப்பீட்டாளர்கள் கறாராக வசூலித்தார்கள். ஆனால் 1986இல் எண்ணெய் பேரலுக்கு 10 டாலர் அளவுக்கு விழுந்தது. விலையைத் தாங்க உற்பத்தியைக் குறைத்துவந்த சவூதி அரேபியா அதைக் கைவிட்டு எண்ணெயைக் கொட்டியதே காரணம்.

தமிழில் என்ன சொல்வது? நம் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் பிரீமியத்துக்கு ‘முனைமம்’ என்கின்றன. முகமதிப்புக்கு, அதாவது பங்கில் குறித்த மதிப்புக்கு, மேல் வெளியிடும் பங்குக்கு அது பொருந்தும். கச்சா எண்ணெய்ப் பேரலுக்கு முகமதிப்பு ஏது? காப்பீட்டில் ‘தவணை’ என்றும் எழுதுகிறார்கள். மாதாமாதம் கட்டும் ஆயுள் காப்பீட்டுக்குச் சரி. ஒரு நுழைவுக்கு ஒருமுறை கட்டுவது தவணை ஆகாது. ‘போர் இடர்க் கட்டணம்’ என்றால் போதும். ‘அபாயம்’ என்பதைவிட ‘இடர்’ எனக்கு உவப்பு. ‘அபாயம்’ ரயில் சங்கிலியோடு ஒட்டிப்போனது, கண்முன் நிற்கும் ஆபத்தைச் சொல்வது; ‘பேரிடர் மேலாண்மை’ வழியே ‘இடர்’, வரக்கூடியதற்கு ஆயத்தமாகும் பொருளையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

சந்தைப் பொருளுக்கு ‘இடர்மிகை’ என்று எழுதலாம். ‘மிகை நாடி மிக்க கொளல்’ என்ற குறளில் மிகை என்பது ஒன்றோடொன்று ஒப்பிட்டு மிஞ்சி நிற்பதைக் காண்பது. ஆய்வாளர் கழித்துக் காண்பதும் அதுவே. ‘உபரி’ வேண்டாம், அது பட்ஜெட்டில் மீந்த பணத்தை நினைவூட்டும்.

செங்கடல் நிகழ்வை இப்படிப் பிரித்து எழுதினால்: ‘ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல்களால், கப்பல் மதிப்பில் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த போர் இடர்க் கட்டணம் 2024 தொடக்கத்தில் 0.7 முதல் 1 விழுக்காடு வரை ஏறியது. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதால் எண்ணெய் தாமதமாக வந்ததே தவிர வராமல் போகவில்லை. எனவே இடர்மிகை பெரிதாக எழவில்லை.’